நான்காவது எழுத்து

ஐப்பசியின் முதல் வெள்ளிக்கிழமை.
குரியாத் தாண்டியதும் ஏசியை அணைத்துவிட்டுக்
கார்க் கண்ணாடியை இறக்கிப் பார்த்தோம்.
காற்று சுடவில்லை.
சுஹைல் உதித்து ஐம்பது நாளாகிவிட்டது என்றான்
பெட்ரோல் போட்டவன்.
நம் அகத்திய நட்சத்திரம்தான்.
இந்த ஊரில் அதற்கு
வெயிலை முடித்து அனுப்புகிற உத்தியோகம்.

வாதி தைக்கா அணை.
புல் முளைக்காத மலைகளின் இடுக்கில்
யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல்
அவ்வளவு தண்ணீர்.
ஜெபக்கனி முக்காலியை ஊன்றினாள்.
தொலைநோக்கி அவளுடையது, பதினொரு மாத ஓவர்டைம்.
குறிப்பேடு என்னுடையது.
நாமக்கோழி நூற்றுப் பதினாறு என்றேன்.
நூற்றுப் பத்தொன்பது என்றாள்.
முக்குளிப்பான்களை எண்ண முடியவில்லை;
எண்ணும்போதெல்லாம் பாதிப்பேர் தண்ணீருக்குள்.
நீலச்சிறகி நாற்பது, ஆண்டி வாத்து ஏழு,
தலைக்கு மேலே வட்டமடித்த மஞ்சள்முகப் பாறு இரண்டு.

ஏழு இருபதுக்கு அந்தச் சாம்பல் நாரை வந்தது.
இறங்கும்போது பார்த்தோம்
இடது காலில் வெள்ளையாய் ஒரு வளையம்.
வளையத்தில் எழுத்து.
அடுத்த கணம் அந்தக் காலைத்தான்
வயிற்று இறகுக்குள் இழுத்துக்கொண்டு
ஒற்றைக் காலில் நின்றுவிட்டது.

காத்திருந்தோம்.
எக்ஸ்ரே அறையில் நாளெல்லாம்
'மூச்சை அடக்குங்க, அசையாதீங்க' என்று சொல்கிறவள்
இன்று, 'அசை, கொஞ்சம் அசை' என்று
முந்நூறு மீட்டருக்கு அப்பால் கெஞ்சினாள்.
எனக்குக் காத்திருப்பது பழக்கம், நான் லிஃப்ட் மெக்கானிக்.
மாட்டிக்கொண்டது எப்படியும் ஒருநாள் கீழே வரும்.

'எங்கிருந்து எங்கே, நம்மைப் போலவே
இதுவும்' என்று ஆரம்பித்தேன்.
'அதை மட்டும் சொல்லாதே' என்றாள், கண்ணை எடுக்காமல்.
'இதுக்கு ஸ்பான்சர் கிடையாது.
லீவு லெட்டர் கிடையாது.
தோணினா எழும்பிப் போகும்.'

காவலர் ஸுலைம் வந்து குனிந்து பார்த்தார்.
நிமிர்ந்து, செத்துவிட்டதா என்று கேட்டார்.
இல்லை என்றோம்.
இன்னொரு முறை பார்த்துவிட்டு
நம்பாமல் போனார்.

எட்டரை. ஒன்பது.
வெயில் பாறையை ஏற்றிவிட்டது.
தூரத்தில் யாரோ ஆட்டுக்கறி சுட ஆரம்பித்தார்கள்.
ஒன்பது நாற்பதுக்கு
கால் இறங்கியது,
மெதுவாக, தூக்கத்தில் பாயைத் தேடுகிற காலைப்போல.
இறங்கி,
நேராகத் தண்ணீருக்குள் போனது.
முட்டிவரை தண்ணீர்.
வளையம் அதற்கும் கீழே.

ஜெபக்கனி சிரிக்க ஆரம்பித்தாள்.
முக்காலி ஆடியது. நாரை ஆடியது. அணையே ஆடியது.
தண்ணி வடியட்டும், இருப்போம் என்றாள்.
இந்த அணை வடிய ஆறு மாசம் ஆகும் என்றேன்.
எனக்கு விசா மார்ச் வரைக்கும் இருக்கு என்றாள்.

பிறகு அது ஒரு மீனைக் குத்தியது,
விழுங்க வசதியாகக் கரைப்பக்கம் ஓரடி வைத்தது.
கே.
ஏழு.
கழுத்து இறங்க இறங்க, இன்னோரடி:
மூன்று.
அப்போதுதான் சுட்ட கறிக்காரர்களின் ட்ரோன்
ரீங்காரமிட்டு மேலே வந்தது.
நீர்ப்பரப்பு முழுக்க எழுந்தது,
நாமக்கோழிகள் தண்ணீரை அறைந்துகொண்டு ஓட,
நூற்றுப் பதினாறா பத்தொன்பதா என்பதெல்லாம்
ஒரே சத்தமாகிவிட,
நாரை தன் இரண்டு கால்களையும் பின்னால் நீட்டிக்கொண்டு
எங்கள் மேலேயே பறந்தது.
'ஜே!' என்று அவள் கத்தினாள்.
'யூ!' என்று நான்.

காரில் சண்டை.
அமராத் மலைச்சாலையில் சண்டை.
ரூவி டீக்கடையில், டம்ளரில் விரலால்
ஜே எழுதிக் காட்டினாள்,
அது எனக்கு யூ மாதிரியே இருந்தது.
குறிப்பேட்டில் கே, ஏழு, மூன்று எழுதி
பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன்.

இரவு பதினொன்றுக்குச் செய்தி வந்தது:
'யோசிச்சுப் பாத்தேன். யூவாத்தான் இருக்கும்.'
நான் அதற்குள்
கேள்விக்குறியை அடித்துவிட்டு
ஜே என்று எழுதியிருந்தேன்.
பேனாவில்.